வலிக்காத இடம்

தொப்புளுக்கு இடப்புறம் நான்கு விரற்கடை தள்ளி எனக்கு ஓர் இடம் இருந்தது. அங்கே ஊசி இறங்குவது தெரியவே தெரியாது. நாள் முழுக்க உடம்புக்குள் இன்சுலினைச் செலுத்திக்கொண்டிருக்கும் இன்சுலின் பம்ப் போட்டுக்கொண்ட நாளிலிருந்து, மூன்று நாளைக்கு ஒரு முறை அதன் குழாயும் ஊசியும் சேர்ந்த 'செட்'டை மாற்றும்போதெல்லாம், யோசிக்காமலேயே என் கை அந்த இடத்துக்குத்தான் போகும். அங்கே தோல் சற்றுச் சிவந்திருந்தால், அதற்கு நேர் எதிரே வலப்புறத்தில் அதே போன்ற இன்னோர் இடம். இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதைத்தான் 'இடம் மாற்றுவது' என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறு வருடங்கள் அப்படியே ஓடின. வலிக்காத அந்த இரண்டு இடங்களும்தான் என் சர்க்கரையைக் கெடுத்துக்கொண்டிருந்தன என்பது அதற்குப் பிறகுதான் தெரிய வந்தது.

எனக்கு இருப்பது டைப் 1 நீரிழிவு, அதாவது உடம்பு தானாக இன்சுலின் சுரக்காத வகை. ஒன்பது வயதில், கும்பகோணத்தில் இருந்தபோது கண்டுபிடித்தார்கள். இப்போது வயது நாற்பத்தொன்று. திருமணமானதிலிருந்து மும்பையில், செம்பூரில் இருக்கிறேன். ஃபோர்ட் பகுதியில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை. சிறு வயதில் எனக்கு ஊசி போட்டதெல்லாம் அம்மாதான். ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் "நேத்து எந்தப் பக்கம்டி போட்டேன்?" என்று அம்மா கேட்காத நாளே கிடையாது. நான் சொல்வதை அப்படியே நம்பிவிடவும் மாட்டாள்; சமையலறைச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் போய்ப் பார்ப்பாள். கிழித்த தாள்களை ஆணியிலேயே குத்தி வைத்திருப்பாள். அவற்றில் 'வ.தொடை', 'இ.கை' என்று பென்சிலில் எழுதியிருக்கும். ஒரே இடத்துக்கு ஊசி திரும்பி வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். டாக்டர் ஒரே ஒரு முறை சொன்னதை அவள் விரதம் போலக் கடைப்பிடித்தாள். பிற்காலத்தில், அந்த ஊசியைவிட எத்தனையோ மடங்கு விலையுள்ள ஒரு கருவியை இடுப்பில் மாட்டிக்கொண்டதும், அந்தப் பழக்கத்தை நான் கைவிட்டுவிட்டேன். ஒரு நாளைக்கு நான்கு ஊசி என்பது மூன்று நாளைக்கு ஒரு குத்து என்று குறைந்தவுடன், இனி இடத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று மனம் தானாகவே முடிவு கட்டிவிட்டது.

உண்மையில் அதிகம் கவலைப்பட வேண்டியது அப்போதுதான். கணக்கைப் பாருங்கள். என் உடம்புக்கு ஒரு நாளைக்குச் சுமார் 40 யூனிட் இன்சுலின் வேண்டும். ஊசி போட்டுக்கொண்ட காலத்தில் அது நான்கு இடங்களுக்குப் பிரிந்து போனது. பம்பிலோ மூன்று நாளைக்கான 120 யூனிட்டும் ஒரே துளை வழியாக இறங்குகிறது. பம்பில் நிரப்புவது ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலின் என்பதால் 120 யூனிட் என்பது 1.2 மில்லி, அதாவது ஏறக்குறையக் கால் தேக்கரண்டி. அளவு சிறியதுதான், ஆனால் அது முழுவதும் தோலுக்கடியில் ஒரு சின்னஞ்சிறு இடத்தைச் சுற்றியே எழுபத்திரண்டு மணி நேரம் கசிந்துகொண்டிருக்கிறது. கொழுப்பைச் சேர்த்து வைக்கும்படி கொழுப்புச் செல்களைத் தூண்டுவது இன்சுலினின் வேலைகளில் ஒன்று. ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போய்ச் செய்ய வேண்டிய அந்த வேலையை, இறங்கிய இடத்தில் பக்கத்திலிருக்கும் செல்களிடமும் அது செய்துவிடுகிறது. ஊசி குத்திய காயமும் சேர்ந்துகொள்ள, திரும்பத் திரும்ப இன்சுலின் இறங்கும் இடத்தில் கொழுப்புச் செல்கள் பெருத்து, இடையில் நார் போன்ற திசு வளர்ந்து, ரப்பர் மாதிரி ஒரு தடிப்பு உண்டாகிறது. மருத்துவர்கள் இதை லிப்போஹைப்பர்ட்ரோஃபி என்கிறார்கள். நாங்கள் 'கட்டி' என்று சொல்லிவிடுவோம். ஆனால் இது அறுத்து எடுக்க வேண்டிய கட்டி அல்ல, புற்றுநோயும் அல்ல.

இன்சுலின் எந்த இடத்தில் இறங்குகிறது, அந்த இடம் என்ன ஆகிறது என்ற சிக்கல் இன்சுலினோடு கூடவே பிறந்தது. 1922 ஜனவரி 11 அன்று டொராண்டோ பொது மருத்துவமனையில் லெனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு முதன்முதலாக, கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின் சாற்றைச் செலுத்தியபோது, சர்க்கரை கொஞ்சம்தான் குறைந்தது. ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வந்தது. பன்னிரண்டு நாள் கழித்து, நன்றாகச் சுத்திகரித்த சாற்றைப் போட ஆரம்பித்த பிறகுதான் அவன் தேறினான். தோலுக்கடியில் இடைவிடாமல் இன்சுலினைச் செலுத்தும் முறையை லண்டன் கய்ஸ் மருத்துவமனையில் ஜான் பிக்கப், ஹாரி கீன் முதலியோர் பரிசோதித்து 1978-இல் வெளியிட்டார்கள். அன்றைக்கு இருந்ததைவிடப் பம்ப் எவ்வளவோ சிறுத்துவிட்டது, திரை வந்துவிட்டது, சர்க்கரையை அளக்கும் சென்சாரைக் கேட்டுத் தானே அளவைக் கூட்டிக் குறைக்கவும் கற்றுக்கொண்டுவிட்டது. தோலுக்குள் நிற்கும் மெல்லிய குழாயான கானுலா இறங்குகிற அந்தக் கடைசி ஆறு மில்லிமீட்டர் மட்டும் என்றைக்கும் போல மனிதத் தோலும் கொழுப்பும்தான்.

என் விஷயத்தில் மாற்றம் மெதுவாக வந்தது. பம்ப் போட்ட நான்காவது ஆண்டில் தொடங்கி, நாளொன்றுக்கு 40 யூனிட் என்பது 46 ஆகி, பிறகு 53 ஆனது. எடை கூடவில்லை, சாப்பாடு மாறவில்லை. காலையில் மூன்று இட்லிக்கு எடுத்துக்கொண்ட போலஸ், அதாவது சாப்பாட்டுக்கென்று மொத்தமாகக் கொடுக்கும் இன்சுலின், இரண்டு மணி நேரம் வரை அசையாமல் கிடக்கும். சர்க்கரை 280-ஐத் தொடும். பதறிப்போய் இன்னொரு போலஸ் கொடுப்பேன். பதினொன்றரை மணிக்கு இரண்டும் சேர்ந்து வேலை செய்து 60-க்கு இறக்கிவிடும். மறுநாள் அதே மூன்று இட்லி, அதே சாம்பார், அதே அளவு இன்சுலின். சர்க்கரை சாதுவாக 150-இல் நிற்கும். நாள் முழுவதும் எண்களோடு பழகுகிற எனக்கு, ஒரே கணக்குக்குத் தினமும் வேறு வேறு விடை வருவதைப் பார்ப்பது பெரிய வதையாக இருந்தது. யாருக்கும் தெரியாமல் ஏதாவது தின்கிறேனோ என்று மற்றவர்கள் சந்தேகப்படுவது ஒரு பக்கம் இருக்க, ஒரு கட்டத்தில் நானே என்னைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய்க்கொண்டிருந்த மருத்துவமனையில், பம்பின் பதிவுகளைக் கணினியில் இறக்கி, வரைபடத்தைப் பார்த்து, ஒவ்வொரு முறையும் அளவைக் கூட்டினார்கள். ஆறு வருடத்தில் ஒருவர்கூட என் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. இதை மனக்குறையாகவே சொல்கிறேன். திரையில் தெரிந்த மேடு பள்ளங்களுக்கெல்லாம் காரணம் மேசைக்கு இந்தப் பக்கம், சுடிதார்த் துணிக்கு அடியில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு நிமிட வேலை அது. அந்த ஒரு நிமிடம் கிடைக்காததால் நான் வருடக்கணக்கில் தேவைக்கு மேல் இன்சுலின் வாங்கியிருக்கிறேன், எத்தனையோ பிற்பகல்களைச் சர்க்கரை தாழ்ந்து 'லோ'வாகிக் கை நடுங்கியபடி கழித்திருக்கிறேன்.

பிறகு வேறு மருத்துவமனைக்கு மாறியபோது, நீரிழிவு நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே இருந்த ஒரு நர்ஸ் என்னைப் பார்த்தாள். தாராவியில் பிறந்து வளர்ந்தவள்; பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கணினியைத் திறப்பதற்கு முன்பே என்னைப் படுக்கச் சொன்னாள். விரல் நுனிகளில் ஜெல்லைத் தடவிக்கொண்டு, விலாவின் கீழிருந்து தொடங்கி, சிறு சிறு வட்டங்களாக, அவசரமே இல்லாமல் தடவிக்கொண்டே வந்தாள். தொப்புளுக்கு இடப்புறம் வந்ததும் கை நின்றது. "கண்ணுக்குத் தெரியாது யக்கா, கைக்குத்தான் தெரியும்," என்று சொல்லிவிட்டு, என் ஆள்காட்டி விரலைப் பிடித்து முதலில் வயிற்றின் ஓரத்தில் வைத்தாள். பிசைந்து வைத்த மாவு போல மெத்தென்று உள்ளே போனது. பிறகு அதே விரலை என் செல்ல இடத்தில் வைத்தாள். விரல் உள்ளே போகவில்லை. அடியில் எதுவோ வழுவழுப்பாக, கெட்டியாக, ஓரம் தெரிகிற மாதிரி இருந்தது. கிள்ளிப் பார்க்கச் சொன்னாள். ஓரத்துத் தோல் இரண்டு விரலுக்கிடையே மெல்லியதாக மடிந்து வந்தது. இங்கே தடித்த தோலாக, பிடிக்கு அகப்படாமல் நழுவியது. நீல பால்பாயிண்ட் பேனாவால் அவள் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டாள். இடப்புறத்தில் ஆறு சென்டிமீட்டர் நீளம், நான்கு சென்டிமீட்டர் அகலம். வலப்புறத்தில் அதைவிடக் கொஞ்சம் சிறியது. தினமும் குளிக்கிறேன், துடைக்கிறேன், புடவை கட்டுகிறேன்; என் உடம்பில் உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒன்று வளர்ந்திருப்பது எனக்குத் தெரியவில்லை.

"ஆனா அங்கதான் வலிக்கவே வலிக்காதே," என்றேன்.

"அந்த வலிக்காததுதான் யக்கா வினையே."

அவள் விளக்கிச் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். தடித்த திசுவில் உணர்ச்சி மங்கிவிடுகிறது. ஆகவே ஊசி அங்கே வலிக்காது. வலிக்காததால் மறுபடியும் அங்கேயே குத்துகிறோம். குத்தக் குத்த அது மேலும் தடிக்கிறது. தடிப்புக்குள் ரத்த ஓட்டம் சீராக இருப்பதில்லை. அங்கே இறங்கும் இன்சுலின் சில சமயம் தேங்கி நிற்கும், சில சமயம் சொல்லாமல் கொள்ளாமல் மொத்தமாக ரத்தத்தில் கலந்துவிடும். ஜெர்மனியில் டைப் 1 உள்ள 13 பேருக்கு ஒரு முறை தடிப்பிலும் ஒரு முறை நல்ல திசுவிலும் இன்சுலின் போட்டு அளந்து பார்த்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள்: தடிப்பில் போட்ட இன்சுலின் குறைவாக உறிஞ்சப்பட்டது, ஒரே ஆளுக்கே ஒவ்வொரு முறையும் வேறு வேறு மாதிரி உறிஞ்சப்பட்டது, சாப்பிட்ட பிறகு சர்க்கரை அதிகமாக ஏறியது. என் மூன்று இட்லிக் கணக்கு ஏன் ஒரு நாளும் பொருந்தவில்லை என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் நேர்மையான பதில் அதுதான். ஸ்பெயினில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் 430 பேரைப் பரிசோதித்த 2013-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பேருக்கு இந்தத் தடிப்பு இருந்தது. அப்படி இருந்தவர்களில் 39 சதவீதம் பேருக்குக் காரணம் புரியாத லோ வந்துகொண்டிருந்தது. தடிப்பு இல்லாதவர்களில் 6 சதவீதம் பேருக்குத்தான். முறையாக இடம் மாற்றிப் போட்டவர்களில் 5 சதவீதம் பேருக்கு மட்டுமே தடிப்பு இருந்தது. அது பம்ப் பற்றிய ஆய்வு அல்ல, ஊசி பற்றியது. ஆனாலும் 5 என்ற அந்த எண்ணைப் படித்தபோது எனக்கு அம்மாவின் பென்சில் எழுத்துதான் நினைவுக்கு வந்தது.

தடிப்பை விட்டு வெளியே வருவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நான் அதில் மாட்டினேன். தடிப்பில் ஒரு பகுதி வீணாகிறதே என்று ஏற்றி வைத்த அளவை, நல்ல இடத்தில் அப்படியே செலுத்தினால், வீணாகாமல் முழுவதும் வேலை செய்யும். மருத்துவர் 20 சதவீதம் குறைத்து எழுதிக் கொடுத்தார். வருடக்கணக்கில் உயர்ந்த சர்க்கரையையே பார்த்துப் பயந்திருந்த நான் பத்து சதவீதம்தான் குறைத்தேன். புதிதாக வலது இடுப்பின் பின்பக்கம் செட் போட்ட இரண்டாவது நாள் காலை, செம்பூரிலிருந்து கடைசி நிலையமான சிஎஸ்எம்டி போகும் ஹார்பர் லைன் மின்சார ரயில் வண்டியில், பெண்கள் பெட்டியில் நின்றுகொண்டிருந்தேன். வடாலா தாண்டியதும் பின்கழுத்தில் வியர்த்தது. மும்பையில் வியர்ப்பது ஒரு அடையாளமே அல்ல என்பதால் பொருட்படுத்தவில்லை. எதிரே ஒட்டியிருந்த விளம்பரத்தில் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியபோதுதான் புரிந்தது. மீட்டரில் 48. பையில் எப்போதும் வைத்திருக்கும் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீர் பாட்டிலில் கொட்டும்போது பாதி என் மேலேயே சிந்தியது. "பஸா, பஸா" என்று சொல்லி எழுந்து இடம் கொடுத்து, நான் குடித்து முடிக்கும் வரை பாட்டிலைத் தாங்கிப் பிடித்துக்கொண்ட அந்த மராத்திப் பெண்மணி, தான் இறங்க வேண்டிய நிலையத்தையும் தாண்டி என்னோடு கடைசி வரை வந்தார். அன்று மதியமே மருத்துவரைக் கூப்பிட்டு, அவர் சொன்ன அளவுக்கு முழுவதுமாக இறங்கினேன். இரண்டு மாதத்தில் நாளொன்றுக்கு 41 யூனிட் என்று, ஏறக்குறையப் பழைய கணக்குக்கே வந்து சேர்ந்தேன்.

இடங்களைத் தேர்ந்தெடுப்பதில் இப்போது நான் பின்பற்றும் முறை இது. மேல் வயிற்றின் இரு பக்கங்கள், விலாவுக்குக் கீழே உடம்பின் பக்கவாட்டில் இரண்டு, பிட்டத்தின் மேல் வெளிப்பகுதிகள் இரண்டு, தொடைகளின் மேல்பாதி வெளிப்புறங்கள் இரண்டு என்று எட்டுப் பகுதிகள். ஒவ்வொரு பகுதியிலும் ஒன்றுக்கொன்று இரண்டு விரற்கடைக்குக் குறையாத இடைவெளியில் நான்கு புள்ளிகள். மொத்தம் 32 புள்ளி. ஒன்றுக்கு மூன்று நாள். ஆக, குத்திய இடத்துக்குக் கானுலா திரும்பி வர 96 நாள் ஆகும். தொப்புளைச் சுற்றி ஐந்து சென்டிமீட்டருக்குள் போவதில்லை. தழும்பு, எலும்பு மேடு, நாடா இறுக்கும் கோடு ஆகியவற்றுக்கும் போவதில்லை. மேல்கையின் பின்புறத்தைச் சென்சாருக்கு என்று ஒதுக்கிவிட்டேன். பேனாவால் கோடு போட்ட இரண்டு தடிப்புகளையும் தரிசு போட்டிருக்கிறேன். தாத்தா கும்பகோணத்துக்குப் பக்கத்தில் வயல் வைத்திருந்த காலத்தில், சோர்ந்துபோன நிலத்தை ஒரு போகம் சும்மா விடுவார். எருவைக் கூடக் கொட்டிவிட்டால் போதாதா என்று யாராவது கேட்டால் பதில் சொல்லாமல் நகர்ந்துவிடுவார். நான் ஆறு வருடம் எருவைத்தான் கூடக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

எந்தப் புள்ளி முடிந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. இதில் ஞாபகத்தை நம்பக் கூடாது. ஞாபகம் வலிக்காத பக்கம்தான் இழுக்கும். அதற்கென்று மாட்டுங்காவில் ஒரு தமிழ் தினசரி காலண்டர் வாங்கி, பீரோவின் உள்கதவில் மாட்டியிருக்கிறேன். செட் மாற்றும் நாளில் 'வ.இடுப்பு 3', 'இ.தொடை 1' என்று எழுதுகிறேன். குத்துவதற்கு முன்னால் அந்த இடத்தைச் சோப்பு நுரையோடு தடவிப் பார்த்துவிடுகிறேன். ஈரக் கையில் தடிப்பு தெரிவது போல உலர்ந்த கையில் தெரிவதில்லை.

இடத்துக்கு இடம் இன்சுலின் நடக்கும் வேகமும் வேறு. வயிற்றில் விரைவாகவும், தொடையிலும் பிட்டத்திலும் சற்று மெதுவாகவும் உறிஞ்சப்படும். இப்போதைய வேகமான இன்சுலின்களில் வித்தியாசம் பெரிதில்லை என்றாலும், தொடையில் இருக்கும் நாட்களில் நான் போலஸைச் சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் கூடுதலாக முன்னதாகக் கொடுக்கிறேன். அதே தொடை, நடையாக நடக்கிற நாளில் வேகமாகவும் உறிஞ்சும். தொடையில் எனக்குக் கொழுப்பு குறைவு என்பதால் நேராக இறங்கும் கானுலா இரண்டு முறை உள்ளே மடங்கிப்போனது. அங்கே மட்டும் சாய்வாக இறங்கும் செட் போடுகிறேன். டெஃப்லான் கானுலா மடங்குவது ஓயாத தொல்லையாக இருப்பவர்களுக்கு எஃகு ஊசி செட் இருக்கிறது; அது மடங்காது, ஆனால் இரண்டு நாளைக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். உடையும் இதில் ஒரு விஷயம். புடவை கட்டும் நாளில் பாவாடை நாடா எந்த உயரத்தில் வரும், கொசுவம் எங்கே செருகப்படும் என்பதை முந்தைய மாற்றத்தின்போதே யோசிக்க வேண்டியிருக்கிறது. ரயில் கூட்டத்தில் அடுத்தவர் பை உரசுவது வலத் தொடையிலா இடத் தொடையிலா என்பதுகூட எனக்கு இப்போது தெரியும். பெண்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. சொல்லிக்கொடுப்பவர்கள் காட்டும் படத்தில் வெறும் வயிறுதான் இருக்கிறது, அதன்மேல் துணி இருப்பதில்லை.

மாற்றுவது காலையில்தான், சாப்பாட்டுக்கு முன்னால். ஸ்பிரிட் துணியால் துடைத்து, ஊதாமல், விசிறாமல், தானாகக் காயும் வரை காத்திருந்து குத்துகிறேன். ஊசியை உருவிய பிறகு காலியாக இருக்கும் கானுலாவை நிரப்ப என்னுடைய ஆறு மில்லிமீட்டர் செட்டுக்கு 0.3 யூனிட் கொடுக்க வேண்டும். அதை மறந்தால் அடுத்த சில நிமிடங்களுக்கான இன்சுலின் குழாயிலேயே நின்றுவிடும். இரண்டு மணி நேரத்தில் சர்க்கரையைப் பார்க்கிறேன். படுக்கப் போகும் நேரத்தில் மாற்றுவதே இல்லை. புதிய இடம் வேலை செய்யவில்லை என்றால் அது தெரிய வேண்டியது விழித்திருக்கும்போது. பம்பில் இருப்பது வேகமாக வேலை செய்து வேகமாகத் தீர்ந்துவிடும் இன்சுலின் மட்டுமே. நீண்ட நேரம் நிற்கும் இன்சுலின் உடம்பில் கையிருப்பு கிடையாது. வரத்து நின்றால் சில மணி நேரத்தில், இன்சுலின் இல்லாதபோது ரத்தத்தில் சேரும் ஆபத்தான அமிலமான கீட்டோன் ஏற ஆரம்பித்துவிடும்.

அதை ஜூலை மாதத்து மழை ஒன்றில் நேராகப் பார்த்தேன். ஸ்டேஷனிலிருந்து தொப்பலாக நனைந்து வந்து, உடை மாற்றி, எட்டு மணிக்குச் சப்பாத்தி சாப்பிட்டுப் படுத்தேன். ஒரு மணிக்கு நாக்கு வறண்டு விழிப்பு வந்தது. மீட்டரில் 372. பம்ப் ஓர் அலாரம்கூட அடிக்கவில்லை. அடைப்பு ஏற்பட்டுக் குழாயில் அழுத்தம் கூடினால்தான் அது கத்தும். இன்சுலின் தங்குதடையின்றி வெளியே கொட்டிக்கொண்டிருந்தால், எல்லாம் நலம் என்றுதான் அதற்குத் தோன்றும். நைட்டியைத் தூக்கியதும் வாடை அடித்தது. இன்சுலினில் சேர்க்கும் கிரெசால், ஃபினால் ஆகியவற்றின் வாடை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வருமே, அதுதான். பிளாஸ்டர் தோலில் ஒட்டியது போலவே இருந்தது, ஆனால் ஈரத்தில் ஒரு பக்கம் இளகி, அடியில் கானுலா தோலை விட்டு வெளியே வந்து கிடந்தது. கீட்டோன் ஏறியிருந்தது. பம்ப் வழியாகக் கூடுதல் போலஸ் கொடுக்க முயலாமல், நேரே இன்சுலின் பேனாவால் ஊசி போட்டுக்கொண்டு, பிறகு புதிய செட் போட்டு, இரண்டு லிட்டர் தண்ணீர் குடித்தபடி விடியும் வரை மணிக்கொரு முறை சோதித்தேன். அப்போதிலிருந்து மழைக்காலத்தில் பிளாஸ்டருக்கு மேல் இன்னொரு ஒட்டுப் பட்டை போடுகிறேன். நனைந்து வந்தால் முதலில் தொட்டுப் பார்ப்பது அந்த ஓரங்களைத்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நம் நாட்டில் குப்பியில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட் உள்ளது. அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. பம்பில் இருப்பது 100. ராத்திரி பம்ப் கைவிட்டுவிட்டது என்று, பம்புக்குள் இன்சுலின் நிரப்பியிருக்கும் ரிசர்வாயரிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் பத்து என்ற கோடு வரை இழுத்துப் போட்டால், உள்ளே போவது பத்து யூனிட் அல்ல, இருபத்தைந்து. அவசரத்துக்கு என்று வீட்டில் வைத்திருப்பது பேனாவாகவோ ஆரஞ்சு மூடி சிரிஞ்சாகவோ இருக்கட்டும்.

செட்டின் விலையைப் பற்றிப் பேசாமல் இடத்தைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது. மூன்று நாளைக்கு ஒன்று என்றால் மாதத்துக்குப் பத்து. என் காப்பீட்டில் அதற்கு ஒரு ரூபாய்கூட வருவதில்லை. நான்காவது நாளும் ஓடுகிறதே, ஐந்தாவது நாளும் ஓடுகிறதே என்று ஓட்டியிருக்கிறேன், குறிப்பாக மாதக் கடைசியில். மூன்றாம் நாள் இரவிலிருந்தே எனக்குச் சர்க்கரை ஏறத் தொடங்குவதையும், ஐந்தாம் நாள் எடுத்த இடம் சிவந்து, தொட்டால் சூடாக இருப்பதையும் பார்த்த பிறகு நிறுத்திவிட்டேன். வசதி இல்லாமல் அப்படி ஓட்டுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வதெல்லாம், சிவப்பு, வீக்கம், சூடு, சீழ் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே கழற்றி வேறு பக்கம் போடுங்கள், மருத்துவரிடமும் காட்டுங்கள் என்பதுதான்.

எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் பத்து வயதுப் பையன் ஒருவனுக்கு டைப் 1. பம்ப் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. அவன் அம்மா என்னிடம் வந்து, "அக்கா, டோஸ் ஏறிக்கிட்டே போகுது, வளர்ற பையன், அப்படித்தான் இருக்கும்னு சொல்றாங்க," என்றாள். வளர்வதாலும் ஏறும்தான். பையனைக் கூப்பிட்டு, எங்கே செட் போடுவாய் என்று கேட்டேன். சட்டையைத் தூக்கி, கொஞ்சம்கூடத் தயங்காமல், பிட்டத்துக்கு மேலே இடது பக்கத்தில் ஓர் இடத்தைக் காட்டினான். "இங்கதான் ஆன்ட்டி. இங்க வலிக்கவே வலிக்காது."

அவன் அம்மாவின் விரல்களைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து அங்கே வைத்தேன். அவள் முகம் மாறியது. ஒன்றும் சொல்லாமல் கையை எடுத்து வலது பக்கம் வைத்துப் பார்த்தாள், மறுபடி இடது பக்கம் வைத்தாள். அளவைக் குறைக்காமல் இடத்தை மாற்றிவிடாதே, முதலில் டாக்டரிடம் கேள் என்று திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினேன். குழந்தை உடம்பில் இடம் குறைவு. பகுதிக்கு இரண்டு புள்ளிதான் கிடைக்கும். வலிக்கும் இடத்தில் குத்த விடமாட்டான். குத்துவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மரத்துப்போகும் களிம்பு தடவியும், எந்தப் புள்ளி என்பதை அவனையே தேர்ந்தெடுக்க விட்டும் இப்போது சமாளிக்கிறாள். தேர்ந்தெடுக்கலாம், ஆனால் நேற்றைய பக்கம் கிடையாது என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம்.

தடிப்புகளைத் தரிசு போட்டு எனக்குப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. போன வாரம் அதே நர்ஸ் மறுபடியும் தடவிப் பார்த்தாள். வலப்புறத்துத் தடிப்பின் ஓரத்தை அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. இடப்புறத்தில் ஆறு சென்டிமீட்டர் மூன்றாகியிருக்கிறது. நடுவில் இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது. "இன்னும் ஆறு மாசம் போகட்டும் யக்கா, அதுக்கப்புறமும் அங்க நேராக் குத்த வேண்டாம்," என்றாள். அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். கட்டி கரைந்த சந்தோஷத்தைக் கேட்டுவிட்டு, இப்போது எந்தப் பக்கம் போட்டிருக்கிறது என்று விசாரித்தாள். இடது தொடை, இரண்டாம் புள்ளி, ஞாயிற்றுக்கிழமை காலை மாற்ற வேண்டும் என்றேன். எழுதி வைத்திருக்கிறாயா என்று கேட்டாள். எழுதி வைத்திருக்கிறேன்.